புளூ-ரே படம் பேன் ஷாட்டில் ஜெர்க் அடிக்கிறது: பிளேயரில் எதை மாற்றுவது, டிவியில் எதை மாற்றுவது?

ஒளிக்கீற்று

டிவி 55 அங்குல ஓஎல்இடி, 120 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 120 தடவை படம் காட்டும்) பேனல். பிளேயர் 4கே யுஎச்டி. நடுவில் ஏவி ரிசீவர் (ஒலியை ஸ்பீக்கருக்கும் படத்தை டிவிக்கும் அனுப்பும் பெட்டி). கேமரா பக்கவாட்டில் நகரும் பேன் ஷாட் வந்தாலே படம் விட்டு விட்டு நகர்கிறது. எண்ட் டைட்டில் மேலே ஏறும்போது எழுத்து அதிர்கிறது. டிவியில் 'ஸ்மூத்' போட்டால் ஜெர்க் போய்விடும், ஆனால் படம் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. நடுவழி ஏதாவது உண்டா? டிவிடிக்கும் அதே செட்டிங்ஸ் போதுமா?

சட்டகம்24

சார், 'ஜெர்க்' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. எது என்று பிரித்துப் பார்க்காமல் ஸ்மூத் பக்கம் போனால், கணக்குப் பிழையை மேல்பூச்சு பூசி மறைத்த மாதிரிதான்.

முதலாவது, பிரேம் கணக்கு ஒத்துப்போகாதது. படம் எடுப்பது வினாடிக்கு 24 பிரேம். புளூ-ரே டிஸ்க்கில் பெரும்பாலும் 23.976 ஆக இருக்கும். பிளேயர் இதை 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் ஒரு பிரேமுக்கு இரண்டரை தடவை வருகிறது. அரைத் தடவை காட்ட முடியாதே, அதனால் ஒரு பிரேம் 2 தடவை, அடுத்தது 3 தடவை என்று மாறி மாறிக் காட்டும். ஒரு பிரேம் 33 மில்லி செகண்ட் நிற்கும், அடுத்தது 50. கேமரா ஒரே வேகத்தில் நகர்ந்தாலும் கண்ணுக்கு நொண்டி நொண்டிப் போவதாகத் தெரியும். நீங்கள் சொல்லும் டைட்டில் எழுத்து அதிர்வு பெரும்பாலும் இதுதான். செட்டிங்ஸை மாற்றினால் முழுக்கப் போய்விடும்.

இரண்டாவது, 24 பிரேமுக்கே உரிய விட்டு விட்டு நகரும் தன்மை. கணக்கு சரியாக இருந்தாலும் ஒவ்வொரு பிரேமும் 41.7 மில்லி செகண்ட் அசையாமல் நிற்கிறது. ஓஎல்இடியில் பிக்சல் சட்டென்று மாறிவிடுவதால் அந்த நிற்றல் அப்பட்டமாகத் தெரியும். எல்சிடியில் பிக்சல் மெதுவாக மாறும். அந்த மழுங்கலில் கொஞ்சம் மறைந்துவிடும். இது கோளாறே இல்லை, குறைக்கலாம், ஒழிக்க முடியாது. ஒளிப்பதிவாளர்களும் இதைக் கணக்கில் வைத்தே பேன் செய்வார்கள்: ஒரு பொருள் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக ஏறக்குறைய 7 வினாடி ஆக வேண்டும் என்பது பழைய விதி.

மூன்றாவது, ஒழுங்கே இல்லாமல் எப்போதாவது படம் நிற்பது, கட்டம் கட்டமாக உடைவது. இது டிஸ்க்கைப் படிப்பதில் வரும் சிக்கல், டிவி செட்டிங்ஸில் தேடி வேலை இல்லை. விரல் ரேகை, கீறல், அழுக்கு. மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. 66 ஜிபி, 100 ஜிபி யுஎச்டி டிஸ்க்குகளில் லேயர் (பதிவு அடுக்கு) மாறும் இடத்தில் சிறு அழுக்குகூட நிறுத்திவிடும். இரட்டை லேயர் டிவிடியில் படத்தின் நடுவே ஒரே ஒரு தடவை அரை வினாடி நின்றால் அது லேயர் மாற்றம், விட்டுவிடுங்கள்.

முதல் கோளாறிலிருந்து தொடங்குங்கள். பிளேயரில்:

24பி அவுட்புட் (வினாடிக்கு 24 முழு பிரேமாகவே அனுப்புவது): ஆட்டோ. சோனி யுபிபி-எக்ஸ்700 வகையில் செட்டப் > ஸ்கிரீன் செட்டிங்ஸ் உள்ளே இருக்கும், புளூ-ரேக்குத் தனியாக, டிவிடிக்குத் தனியாக, டேட்டா ஃபைலுக்குத் தனியாக. பானாசோனிக்கிலும் 24பி அவுட்புட் என்றே பெயர். பழைய புளூ-ரே பிளேயர் என்றால் ஆஃபிலேயே வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ரெசல்யூஷன்: ஆட்டோ. யாராவது இதை 1080ஐ என்று கையால் பூட்டி வைத்திருந்தால் 24பி ஆட்டோ என்று போட்டும் 24 வெளியே வராது. 'ஐ' என்றால் இன்டர்லேஸ், படத்தை ஒன்று விட்டு ஒரு வரியாக இரண்டு பாதிகளாகப் பிரித்து அனுப்புவது. அதில் 24 கிடையாது, 50 அல்லது 60தான்.

மாற்றிய பிறகு டிஸ்க்கை நிறுத்தி மறுபடி ஓட விடுங்கள். மெனு 60இல் வந்து படம் தொடங்கும்போது திரை ஓரிரு வினாடி கறுத்துத் திரும்பினால் 24க்கு மாறிவிட்டது என்று அர்த்தம். நல்ல அறிகுறி அது. டிவி ரிமோட்டில் இன்ஃபோ அல்லது டிஸ்ப்ளே பட்டனை அழுத்தி, சிக்னல் 24 என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

பெட்டிக்கடை_எச்டிஎம்ஐ

கேபிள் மாற்றினால் ஜெர்க் போகுமா? கடையில் 8கே கேபிள் வாங்கச் சொல்கிறார்கள்.

சட்டகம்24

போகாது ப்ரோ. 1080பி 24க்குத் தேவை இரண்டேகால் ஜிபிபிஎஸ்கூட இல்லை, பழைய கேபிளே தாங்கும். 4கே 24, 12 பிட் 4:2:2இல் ஏறக்குறைய 9 ஜிபிபிஎஸ். கேபிள் கெட்டால் வெள்ளைப் புள்ளி மின்னும், திரை கறுத்து வரும், எச்டிஆர் (அதிக வெளிச்ச வீச்சுள்ள படம்) ஏறாது. சீராக நொண்டுவது கேபிளால் வராது. காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

மெனுக்காரி

டிவி பக்கத்தை நான் எழுதிவிடுகிறேன். ஒரே வேலைக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருப்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

எல்ஜி: இரண்டு இடம் பார்க்க வேண்டும். 'ரியல் சினிமா' ஆன். இதுதான் 24ஐ 24ஆகவே, ஒவ்வொரு பிரேமையும் 5 தடவை காட்டி, 120இல் சரியாக உட்கார வைப்பது. புதுப் பிரேம் எதையும் இது உண்டாக்காது. பக்கத்தில் இருக்கும் 'ட்ரூமோஷன்' வேறு சமாச்சாரம். இரண்டு பிரேமுக்கு நடுவில் இல்லாத பிரேமை ஊகித்து வரைவது அது. யூசர் செலக்ஷனில் டீ-ஜடர் (விட்டு விட்டு நகர்வதைக் குறைப்பது), டீ-பிளர் (மங்கலைக் குறைப்பது) என இரண்டு அளவுகோல், 0 முதல் 10 வரை. சினிமாவில் வேலை செய்வது டீ-ஜடர் மட்டும். டீ-பிளர் 60 பிரேம் விளையாட்டு ஒளிபரப்புக்கு.

சாம்சங்: பிக்சர் கிளாரிட்டி செட்டிங்ஸ் (பழைய செட்டில் ஆட்டோ மோஷன் பிளஸ்) > கஸ்டம். ஜடர் ரிடக்ஷன் 0. பிளர் ரிடக்ஷன் எவ்வளவு இருந்தாலும் 24 பிரேம் படத்தைத் தொடாது. 'ஃபிலிம் மோட் சாம்பல் நிறமாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை' என்று அடிக்கடி கேட்கிறார்கள். அது 1080ஐ மாதிரி இன்டர்லேஸ் சிக்னலுக்கு மட்டும். 24பி வந்துகொண்டிருக்கும்போது அது சாம்பலாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே பொருள்.

சோனி: மோஷன்ஃப்ளோ > கஸ்டம், ஸ்மூத்னெஸ் குறைந்தபட்சம், கிளியர்னெஸும் குறைந்தபட்சம். சினிமோஷன் அல்லது ஃபிலிம் மோட் என்று இருப்பதை ஆஃப் செய்துவிடாதீர்கள். 60இல் வரும் சிக்னலுக்குள் இருந்து 24ஐப் பிரித்தெடுப்பது அதுதான்.

பானாசோனிக்: இன்டெலிஜென்ட் ஃபிரேம் கிரியேஷன் ஆஃப். சில மாடலில் '24பி ஸ்மூத் ஃபிலிம்' என்று இருக்கும், அதுவும் ஆஃப். மற்ற ஆண்ட்ராய்டு டிவிகளில் எம்இஎம்சி என்ற நான்கெழுத்தைத் தேடுங்கள், அதே வேலைதான்.

முக்கியமாக ஒன்று: இந்த அளவுகள் எச்டிஆர் இல்லாத படம், எச்டிஆர்10, டால்பி விஷன் மூன்றுக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். சாதாரண புளூ-ரேயில் சரி செய்துவிட்டு யுஎச்டி டிஸ்க் போட்டால் பழையபடி சீரியலாக இருக்கும். ஒவ்வொரு வகையிலும் ஒரு டிஸ்க்கை ஓட விட்டு, படம் ஓடும்போதே மெனுவைத் திறந்து மாற்ற வேண்டும்.

நள்ளிரவுக்காட்சி

ஸ்மூத் எந்த அளவிலும் வேண்டாம் என்பேன். 0, அவ்வளவுதான். ஊகித்து வரைவது எங்கே தோற்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு கண்ணை விட்டுப் போகாது. பழைய படங்களில் அறைக்குள் சீலிங் ஃபேன் சுற்றும் ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: இறக்கை அடுத்த பிரேமில் எங்கே போயிற்று என்று டிவியால் கண்டுபிடிக்க முடியாது, இறக்கை பிய்ந்து பிய்ந்து வரும். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஆள் நடந்தால் கம்பியோரம் நெளியும். ரயில் கடக்கும் ஷாட்டில் ஜன்னல்கள் ஒட்டிக்கொள்ளும். சப்டைட்டிலுக்குப் பின்னால் படம் நகர்ந்தால் எழுத்தின் விளிம்பு கிழியும். 1/48 வினாடி எக்ஸ்போஷரில் எடுத்த பிரேமின் மங்கல் அப்படியே இருக்க, நடுவில் புதுப் பிரேம்கள் நுழைவதால் நடிப்பின் வேகமே மாறின மாதிரி இருக்கும்.

2018 டிசம்பரில் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து, டிவியில் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோவே வெளியிட்டார்கள். 2019இல் யுஎச்டி அலையன்ஸ் ஃபிலிம்மேக்கர் மோடை அறிவித்தது. உங்கள் செட்டில் அது இருந்தால் ஒரே அழுத்தில் ஸ்மூத், செயற்கை ஷார்ப்னெஸ், நாய்ஸ் ரிடக்ஷன், ஓரம் வெட்டுவது எல்லாம் அணைந்துவிடும். அதிலிருந்து தொடங்குவது நல்லது.

மெனுக்காரி

ஃபேன் இறக்கை விஷயம் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓஎல்இடியில் கண்டிப்பாக 0 என்பதை ஏற்க முடியவில்லை. தியேட்டரில் திரையின் வெள்ளை 48 நிட் (வெளிச்சத்தின் அளவு). எச்டிஆரில் ஓஎல்இடி அதைப் போலப் பல மடங்கு போகும். வெளிச்சம் ஏற ஏற 24 பிரேமின் நிற்றல் கூர்மையாகத் தெரியும், இது கண்ணின் இயல்பு. ஒளிப்பதிவாளர் 48 நிட்டில் பார்த்து ஒப்புக்கொண்ட பேன், வீட்டில் 700 நிட்டில் தாங்காமல் போவது நடக்கிறது. அந்த இடத்தில் டீ-ஜடர் 1 அல்லது 2 வைப்பது பாவமில்லை. 3க்கு மேல் போனால் சீரியல் சாயல் வந்துவிடும். எல்ஜியில் 2021 முதல் வரும் 'சினிமேட்டிக் மூவ்மென்ட்' ஏறக்குறைய அந்த இலேசான அளவுதான்.

எச்டிஆர் இல்லாத படத்துக்கு இதைவிட நல்ல வழி உண்டு: வெளிச்சத்தைக் குறையுங்கள். இருட்டறையில் ஸ்டுடியோ அளவுகோல் 100 நிட். விளக்கை அணைத்துவிட்டு ஓஎல்இடி லைட்டை அந்தப் பக்கம் இறக்கினாலே பேன் ஷாட் கண்ணை உறுத்துவது பாதி குறையும். ஒரு பிரேமைக்கூடப் போலியாக வரையாமல் கிடைக்கும் லாபம்.

நள்ளிரவுக்காட்சி

வெளிச்சம் குறைப்பது சரி, அதில் கூடவே நிற்கிறேன். டீ-ஜடர் 1 வைத்தாலும் ஃபேன் ஷாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஜெர்க் போகும் என்று நினைத்து 'ஓஎல்இடி மோஷன்', 'எல்இடி கிளியர் மோஷன்' போடுவதையும் தவிர்க்கவும். நடுநடுவே கறுப்பைச் செருகும் வேலை அது. 60 பிரேம் கிரிக்கெட்டுக்கு அருமையாக இருக்கும். 24 பிரேம் படத்தில் ஒரே பிரேம் இரண்டு மூன்று தடவை மின்னுவதால் நகரும் விளிம்பு இரட்டையாகத் தெரியும். வெளிச்சமும் பாதியாகும், கண்ணும் வலிக்கும்.

யாழ்த்திரை

டிவிடியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட பக்கம் பிஏஎல் (50 ஹெர்ட்ஸ்), என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ்) ரெண்டு வகை டிஸ்க்கும் புழங்குது. பிஏஎல் டிஸ்க் போட்டால் பாட்டுக்காட்சியில ஒரு துடிப்பு. என்டிஎஸ்சி டிஸ்க் சிலது நல்லா ஓடுது, சிலது ஓடுறேல்லை.

சட்டகம்24

டிவிடியில் 24 பிரேம் எப்போதும் தானாக வெளியே வருவதில்லை, அதனால் டிஸ்க் எப்படித் தயாரானது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

பிஏஎல்: 720க்கு 576, 50 ஹெர்ட்ஸ். 24 பிரேம் படத்தை 25ஆக வேகப்படுத்தி ஏற்றியிருப்பார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், குரலும் பாட்டின் சுருதியும் சற்று ஏறிக் கேட்கும். அசைவு மட்டும் சீராகவே இருக்க வேண்டும், ஒவ்வொரு பிரேமும் சரியாக 2 தடவை. உங்களுக்குத் துடிப்பு வருகிறது என்றால் பிளேயர் அதை 60 ஹெர்ட்ஸாக மாற்றி அனுப்புகிறது. 2-3-2-3-2 என்று ஐந்து பிரேமைப் பன்னிரண்டில் திணிக்கும். பிளேயரில் டிவி சிஸ்டம் என்ற இடத்தில் என்டிஎஸ்சி என்று பூட்டியிருக்கும். அதை ஆட்டோ அல்லது மல்டி ஆக்குங்கள். நம் ஊர் டிவிகள் 50ஐத் தாராளமாக ஏற்கும்.

நகரும் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால், இரண்டு பாதிகளையும் சரியாகச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். சோனி பிளேயரில் சினிமா கன்வர்ஷன் மோட் ஆட்டோ. டிவியில் ஃபிலிம் மோட் ஆன். இப்போது சாம்சங்கின் அந்த ஃபிலிம் மோட் பயன்படும், பிளேயர் இன்டர்லேஸாக அனுப்பினால்.

என்டிஎஸ்சி: ஒழுங்காகத் தயாரித்த டிஸ்க்கில் உள்ளே 24 பிரேமாகவே இருக்கும், எந்தப் பாதியைத் திரும்பக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். இதற்கு பிளேயரில் டிவிடி 24பி ஆட்டோ போட்டால் புளூ-ரே மாதிரியே சீராக ஓடும். சில டிஸ்க்கில் 60 ஆக மாற்றிய பிறகு வெட்டி ஒட்டியிருப்பார்கள். 3-2 வரிசை ஒவ்வொரு வெட்டிலும் உடையும், பிளேயர் அதைத் தேடித் தேடித் தவறவிடும், 24பி போட்டால் இன்னும் மோசமாகும். அந்த டிஸ்க்குக்கு மட்டும் டிவிடி 24பி ஆஃப். டிவிடிக்குத் தனி சுவிட்ச் வைத்திருப்பது இதற்காகத்தான்.

மூன்றாவது ஒரு வகை உண்டு: பிஏஎல் மாஸ்டரிலிருந்து இரண்டு பிரேமைக் கலந்து என்டிஎஸ்சியாக்கியது. ஓடும் ஆள் வரும் இடத்தில் பாஸ் போட்டு ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். ஆள் இரட்டை நிழலாகத் தெரிந்தால் டிஸ்க்கே அப்படித்தான். எந்த செட்டிங்கும் அதைப் பிரித்துத் தராது. வேறு பதிப்பு தேடுங்கள்.

ஒளிக்கீற்று

பிளேயரில் 24பி ஆட்டோ, ரெசல்யூஷன் ஆட்டோ. எல்ஜி மெனுவில் ரியல் சினிமா ஆன், ட்ரூமோஷன் என்ற வரியே சாம்பல் நிறத்தில் இருக்கிறது. இன்ஃபோவில் 24 என்று காட்டுகிறது. டைட்டில் எழுத்து இன்னும் அதிர்கிறது. கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அளந்து பார்க்க வழி இருக்கிறதா?

சட்டகம்24

போனில் 240 பிரேம் ஸ்லோமோஷன் இருந்தால் போதும். போனை ஸ்டாண்டில் நிறுத்தி, டைட்டில் ஏறும் இடத்தைப் பத்து வினாடி எடுங்கள். எடிட் ஆப்பில் பிரேம் பிரேமாக நகர்த்தி, எழுத்து ஒரே இடத்தில் எத்தனை பிரேம் நிற்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் 10 என்று வந்தால் கணக்கு சரி. 8, 12, 8, 12 என்று மாறி மாறி வந்தால் எங்கோ 60 நுழைந்துவிட்டது. ஒன்று முன்பின் இருப்பது சகஜம். 8க்கும் 12க்கும் உள்ள வித்தியாசம் குழப்பமில்லாமல் தெரியும். ஸ்மூத் வேலை செய்துகொண்டிருந்தால் எழுத்து 10க்குள்ளேயே இரண்டு மூன்று தடவை நகரும்.

ஒளிக்கீற்று

8, 12தான் வருகிறது.

மெனுக்காரி

ட்ரூமோஷன் சாம்பலாக இருக்கிறது என்று சொன்னதிலேயே விடை இருக்கிறது. அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் ஐகான் பிசி என்று இருக்கும், அல்லது படம் கேம் மோடில் இருக்கும். இரண்டிலும் டிவி தாமதத்தைக் குறைக்க அசைவு வேலைகளை எல்லாம் ஓரங்கட்டிவிடும். 24 சிக்னலை வாங்கிக்கொண்டு உள்ளே 60 கணக்கில் காட்டும். ரியல் சினிமா ஆன் என்று எழுதியிருந்தாலும் பலன் இருக்காது. ஹோம் டாஷ்போர்டில் அந்த இன்புட்டின் பெயரை மாற்றும் இடத்துக்குப் போய், ஐகானை புளூ-ரே பிளேயர் என்று வையுங்கள். பிக்சர் மோடை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் ஆக்குங்கள். சாம்பல் போய்விட்டால் மறுபடி எண்ணுங்கள்.

ரிசீவரையும் ஒருமுறை பாருங்கள். டெனான், மராண்ட்ஸில் ஐ/பி ஸ்கேலர் ஆஃப். யமஹாவில் வீடியோ புராசஸிங் டைரக்ட். ரிசீவர் படத்தைத் தொடவே கூடாது.

ஒளிக்கீற்று

ஐகான் பிசி என்றுதான் இருந்தது. மாற்றியதும் 10, 10, 10. டைட்டில் எழுத்து நின்றுவிட்டது. ட்ரூமோஷன் ஆஃப். வேகமான பேனில் மட்டும் இலேசாகத் தெரிகிறது, அது இரண்டாவது வகை என்று புரிகிறது. இப்போது உதட்டசைவுக்கு முன்னாலேயே வசனம் கேட்கிற மாதிரி இருக்கிறது, இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

சட்டகம்24

உண்டு. பிசி மோடில் டிவி படத்தைத் தாமதமின்றிக் காட்டியது. சினிமா மோடில் படத்தை உள்ளே வாங்கி வைத்து வேலை செய்துவிட்டுக் காட்டுகிறது, ஒலி ரிசீவர் வழியாக முந்திக்கொண்டு போகிறது. பிளேயரிலோ ரிசீவரிலோ ஏதாவது ஒன்றில் மட்டும் ஒலியைத் தாமதப்படுத்துங்கள். சோனி பிளேயரில் ஏ/வி சிங்க், ரிசீவர்களில் ஆடியோ டிலே அல்லது லிப் சிங்க். 40 மில்லி செகண்டில் தொடங்கி 10, 10ஆக ஏற்றுங்கள். கை தட்டும் ஷாட், கதவு அறைந்து சாத்தும் ஷாட் சரிபார்க்க ஏற்றவை. டப்பிங் வசனத்தை நம்பாதீர்கள், அது படத்திலேயே விலகியிருக்கும். பின்னாளில் ட்ரூமோஷன் ஆன் செய்தால் தாமதம் இன்னும் கூடும், அப்போது இந்த எண்ணையும் மாற்ற வேண்டும்.

பெட்டிக்கடை_எச்டிஎம்ஐ

கடைசியாக ஒன்று. மீடியா பாக்ஸில் ஃபைலாக ஓட்டும்போது எல்லாம் சீராக இருக்கிறது, ஆனால் முக்கால் நிமிடத்துக்கு ஒரு தடவை சின்ன துள்ளல். டிஸ்க்கில் இல்லை.

சட்டகம்24

ஃபைல் சரியாக 24.000, பாக்ஸ் 23.976இல் அனுப்புகிறது. வித்தியாசம் வினாடிக்கு 0.024 பிரேம், 41.7 வினாடிக்கு ஒரு பிரேமைத் தூக்கிப் போட்டாக வேண்டும், அந்தத் துள்ளல்தான் அது. டிஸ்க் பிளேயர் இரண்டையும் தனித்தனியாக அனுப்பும், அதனால் அங்கே வரவில்லை. பாக்ஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பிரேம் ரேட்டைப் படத்துக்கேற்ப மாற்றும் சுவிட்ச் இருந்தால் ஆன் செய்யுங்கள். அதன் பிறகும் துள்ளினால் பாக்ஸுக்கு 24.000 தெரியாது, அந்த ஃபைலை யுஎஸ்பியில் போட்டு புளூ-ரே பிளேயரிலேயே ஓட்டுங்கள், டேட்டா ஃபைலுக்கான 24பியை ஆட்டோவில் வைத்து.